காப்பாளர் கையெழுத்து

"பேனா இல்லையா தம்பி? உள்ளேருந்து எடுத்துட்டு வரட்டா?" என்றாள் மீட்டரக்கா.

பேனா கொழுந்தனாரின் சட்டைப்பையிலேயே இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. மேசையில் ரொட்டிக்கும் டீக்கும் நடுவே நான்கு பக்கப் படிவம் ஒன்று கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை. தன் தட்டை மட்டும் ஒரு சாண் தள்ளி வைத்துக்கொண்டார். காகிதத்திலிருந்து ஏதாவது ஊர்ந்து வந்து ரொட்டியில் ஏறிவிட்டால் என்ன செய்வது?

"காலங்காத்தால என்ன அண்ணி இது?"

"ஆஸ்பத்திரி ஃபாரம். ஆராய்ச்சிக்கு ஆள் சேக்கறாங்க. கடைசிப் பக்கத்துல ஒரே ஒரு கையெழுத்து."

"அதான் நீங்க போட்டிருக்கீங்களே."

"என்னுது மட்டும் செல்லாதாம். பொம்பளையா இருந்தா வீட்டு ஆம்பளை ஒருத்தர் காப்பாளர்னு போடணுமாம். இந்த வீட்ல ஆம்பளைன்னா நீங்கதானே."

அடுப்படி வாசலில் அவர் மனைவி டீ வடிகட்டியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டாள். அவள் மீட்டரக்காவுக்கு ஓரகத்தி. இருபத்து மூன்று வருஷமாக அந்த வீட்டில் 'அந்த விஷயம்' சாப்பாட்டு மேசைக்கு வந்ததில்லை. இன்று முத்திரை குத்திக்கொண்டு வந்து உட்கார்ந்திருந்தது.

அந்த விஷயம் என்றால் எச்.ஐ.வி. அந்த மூன்று எழுத்தை அங்கே யாரும் வாயால் சொன்னதில்லை. மீட்டரக்காவின் கணவர் இருபத்தெட்டு வயதுப் பெண்டாட்டியிடம் அதைக் கொடுத்துவிட்டு, கொடுத்ததைச் சொல்லாமலேயே செத்துப்போனார். மூன்று வாரம் கழித்து அவள் ரத்தத்திலும் அது இருப்பது தெரிந்தது. அன்றைக்கே வீட்டில் ஏற்பாடு முடிந்தது. பின்கட்டு அறை அவளுக்கு. தனித் தட்டு, தனி டம்ளர், தனி சோப்பு, தனி வாளி. தட்டு டம்ளரால் இது ஒட்டாது என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவள் ரத்தத்தில் இப்போது கிருமி எண்ணிக்கையே பரிசோதனையில் தட்டுப்படாத அளவுக்கு இறங்கிவிட்டது என்றும் சொல்லிவிட்டார்கள். சுவரைப் படிக்க வீட்டிலிருந்து யார் போனார்கள்?

ஆனால் கடை வேறு. குடும்பத்துக்குத் திரைச்சீலைக் கடை. கவுண்டரில் நிற்பது அவள்தான். அளவுநாடா எடுக்காமல், துணியைக் கையில் பிடித்து நீட்டியே மீட்டர் சொல்லுவாள். சந்தேகப்பட்டு நாடா வைத்துப் பார்த்தவர்கள் ஒரு விரல் கூடக் குறையக் கண்டதில்லை. அதனால்தான் மீட்டரக்கா. ஊரில் பாதி ஜன்னலில் அவள் கை பட்ட துணிதான் தொங்குகிறது. அந்தத் துணியைத் தொடலாம், மடிக்கலாம், நல்ல லாபத்துக்கு விற்கலாம். தட்டைத்தான் தொடக்கூடாது. எது குடும்பம், எது வியாபாரம் என்று அந்தக் கிருமிக்கும் பிரித்துப் பார்க்கத் தெரியும் போலிருக்கிறது.

"ஆராய்ச்சி கீராய்ச்சி எல்லாம் உங்களுக்கு எதுக்கு அண்ணி? மாத்திரைதான் ஒழுங்கா வருதில்ல?"

"மாத்திரை வருது. எலும்புதான் போகுது" என்று வலது மணிக்கட்டைத் தூக்கிக் காட்டினாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு துணி உருளையை அலமாரியிலிருந்து இறக்கினாள். கனமானதுகூட இல்லை, மெல்லிய வலைத்துணி. மணிக்கட்டு சுள்ளி மாதிரி முறிந்தது. வயசும்மா என்றார்கள். நாற்பத்தெட்டில் என்ன வயசு? நேராகப் பெரிய டாக்டரிடம் போய் நின்றாள்.

"இது வயசா சார், மாத்திரையா?"

பெரிய டாக்டர் நல்லவர். பொய் சொல்லவில்லை. "தெரியலம்மா. இத்தனை வருஷம் மாத்திரை சாப்பிட்ட பொம்பளைங்களை வெச்சு யாரும் சரியாப் பாத்ததில்ல."

"இல்லாததால பாக்கலையா, பாக்காததால இல்லைன்னு நினைச்சுட்டீங்களா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதி போனது. ஏற்கெனவே ஒருமுறை, மாத மாத்திரையைப் பத்துப் பத்து நாளாகப் பிரித்துக் கொடுத்து, மாதத்துக்கு மூன்று தடவை எல்லோரையும் வேலையை விட்டு வரவழைத்தபோது, வரிசையில் நின்றவர்களிடமெல்லாம் கையெழுத்து வாங்கி மனுக் கொடுத்து அதை நிறுத்தியவள் அவள். இப்போது எலும்புக்கும் மனு எழுதினாள். சிறுநீரகத்துக்கு எழுதினாள். இதயத்துக்கும் சேர்த்து எழுதினாள். இரண்டு வருஷம் கழித்து ஆராய்ச்சி வந்தது. இருபது வருஷத்துக்கு மேல் மாத்திரை சாப்பிடுகிறவர்களை ஐந்து வருஷம் தொடர்ந்து பரிசோதிப்பார்கள். கெடுதல் செய்வது மாத்திரைதான் என்று தெரிந்தால் உடனே மாற்றிக் கொடுப்பார்கள். அவள் கேட்டு வந்த ஆராய்ச்சி. அதற்குள் நுழைய வாசலில் ஒரு ஆண்பிள்ளை கையெழுத்து.

"நான் போட்டா என் பேரு அதுல ஏறும்" என்றார் கொழுந்தனார். "அந்த வியாதி பேருக்குப் பக்கத்துல என் பேரா? யார் கையிலயாவது சிக்கினா கடை என்னாகும்?"

"முழுப் பேரு வேண்டாம். சுருக்கிப் போடுங்க."

"சுருக்கினா மட்டும்?"

"சரி, கிறுக்குங்க. டாக்டர் எழுதற சீட்டையே யாரும் படிக்க முடியறதில்ல, உங்க கிறுக்கலையா படிக்கப் போறாங்க?"

அடுப்படி வாசலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்து, உடனே இருமலாக மாறியது.

கொழுந்தனாரும் வியாபாரி. விலை இறங்கி வருவதைப் பார்த்ததும் தன் சரக்கை எடுத்து வைத்தார். "போடறேன் அண்ணி. ஆனா ஒண்ணு. இந்த மனு, கூட்டம், வரிசையில நின்னு நியாயம் கேக்கறது, எல்லாத்தையும் இன்னையோட விட்டுடணும். ஆஸ்பத்திரிக்குப் போனமா, முகத்தை மூடிட்டு மாத்திரை வாங்கினமா, வந்தமான்னு இருக்கணும்."

"விலை ஜாஸ்தி தம்பி."

"உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன். யாரைக் கேட்டு மனு எழுதறீங்க? ஒரு வார்த்தை என்கிட்ட கேக்க வேணாமா?"

மீட்டரக்கா படிவத்தை மடித்தாள். குரலை ஏற்றவே இல்லை. "உங்கண்ணன் இதை எனக்குக் கொடுத்தப்ப எந்தக் காப்பாளர் கையெழுத்துப் போட்டாரு தம்பி? வாங்கிக்கறதுக்கு என் கையெழுத்தே தேவைப்படல. பாத்துக்கறதுக்கு மட்டும் உங்களுது வேணுமா?"

ரொட்டி பாதியில் நின்றது. கொழுந்தனார் எழுந்து செருப்பைத் தேடினார். செருப்பு காலிலேயே இருந்தது.

அவர் போனதும் ஓரகத்தி வந்து பக்கத்தில் நின்றாள். பக்கத்தில் என்றால், வழக்கமான இரண்டு முழத்துக்குக் கொஞ்சம் கிட்டே.

"அக்கா, நான் ஒண்ணு சொல்லட்டா? காலையில டெலிவரி சீட்டு முப்பது நாப்பது அவர் முன்னாடி வைப்பீங்கல்ல? படிச்சா போடறாரு? போன மாசம் ஒருத்தர் துணி கிழிசல்னு திட்டி எழுதின காயிதத்துலயே 'சரக்கு நல்லபடியா வந்து சேர்ந்தது'ன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுஷன். நடுவுல இதைச் சொருகிடுங்க. வேலை முடிஞ்சது."

மீட்டரக்காவுக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. "உன்னை மாதிரி ஒருத்தி கவுண்டர்ல நின்னா நான் வீட்ல படுத்துத் தூங்குவேன்."

"அப்ப வெச்சிடுங்க."

"வேண்டாம்மா. என் உடம்பு, என் ரத்தம். அதை நானே கொடுக்கறதுக்கு நான் ஏன் திருடணும்?"

திருட்டு நடக்கவில்லை. ஆனால் கொழுந்தனார் தான் அண்ணி இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு சீட்டையும் கண்ணாடி போட்டுக்கொண்டு, விரல் வைத்து, முன்னும் பின்னும் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார். ஒன்பது மணிக்குக் கிளம்பும் வண்டி பதினொன்றுக்கும் கிளம்பவில்லை. "முதலாளி பரீட்சைக்குப் படிக்கறாரு, தொந்தரவு பண்ணாதீங்க" என்று சுமையாட்கள் உருளைகள் மேல் சாய்ந்துகொண்டார்கள். மீட்டரக்கா ஒன்றும் தெரியாதவள் போல அடுத்த சீட்டை நீட்டினாள்.

அந்த வாரம் கையெழுத்து இல்லாத படிவத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனாள். மாத்திரைப் பிரிவில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் பொண்ணு கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள்.

"அக்கா, இந்தக் கட்டம் காலியா இருந்தா கம்ப்யூட்டர் ஏத்துக்காது. வேற யாருமே இல்லையா? மகன்?"

"இல்ல."

"கூடப் பொறந்தவங்க?"

"என் பேரையே சொல்லறதில்ல. கையெழுத்தா போடப் போறாங்க?"

"பதினெட்டு வயசு முடிஞ்ச ஆம்பளை, சொந்தம்னு சொல்லிக்கற யாரா இருந்தாலும் போதும்க்கா."

"எனக்கு ஐம்பத்தொண்ணு முடிஞ்சிருக்கும்மா. அதுல ரெண்டு பதினெட்டு போனாலும் மிச்சம் இருக்கு."

பின்னால் வரிசையில் நின்ற வாத்தியார் சிரித்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மாத்திரையில் இருபத்தொரு வருஷம். ஆராய்ச்சியில் போன மாதமே சேர்ந்துவிட்டவர்.

"உங்களுக்கு யார் போட்டாங்க?" என்று கேட்டாள்.

"எனக்கு அந்த வரியே இல்லைம்மா. ஆம்பளைங்க ஃபாரம் மூணே பக்கம். என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தாங்கன்னா, இருக்கற ரத்தத்தை மொத்தமா எடுத்துக்கங்கன்னு சந்தோஷமா போட்டுக் கொடுத்திருப்பா." சிரித்து முடித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நூத்திருபது பேரைச் சேத்திருக்காங்க. அதுல பொம்பளைங்க நாலு பேர். ஏன்னு அறிக்கையில என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? பெண்கள் ஆர்வம் காட்டவில்லை."

"யாரு காட்டல?"

"அதான் எழுதியிருக்கு. ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கற எடத்துலேருந்து ஒரு அம்மா புதன்கிழமை வர்றாங்க. அவங்களுக்கும் இதைத்தான் காட்டப் போறாங்க."

மீட்டரக்கா மாத்திரைப் பொட்டலத்தைப் பைக்குள் போட்டாள். முகத்தை மறைத்திருந்த துணியை இறக்கிக் கழுத்தில் விட்டுக்கொண்டாள். பெண்கள் உட்காரும் நீளப் பெஞ்சின் ஒரு கோடியிலிருந்து ஆரம்பித்தாள்.

சலவைக்காரம்மாவின் புருஷன் ஓடிப்போய்ப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. "அந்த ஆளைத் தேடிப் புடிச்சுக் கையெழுத்து வாங்கிட்டு வரணுமாம்க்கா. கிடைச்சா கையெழுத்தா வாங்குவேன்?" என்றாள். முட்டி வலியில் அவளால் பெஞ்சிலிருந்து ஒரே மூச்சில் எழுந்திருக்க முடியவில்லை. விடுதியில் படுக்கை விரிக்கும் பெண்ணுக்கு வளர்ந்த மகன் இருக்கிறான். அம்மா தினம் சாப்பிடுவது சத்து மாத்திரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். இன்னொருத்தியின் தம்பி படிவத்தைக் கிழித்தே போட்டுவிட்டான். பேருந்தில் கண்டக்டராக இருந்தவள், "நாள் முழுக்க நாலாயிரம் பேருக்கு டிக்கெட் கொடுத்தவ நான். எனக்கு ஒருத்தன் டிக்கெட் கொடுக்கணுமாம்" என்றாள். ஆர்வம் காட்டாத பெண்கள் அந்த ஒரு பெஞ்சிலேயே பதினோரு பேர் இருந்தார்கள்.

"புதன்கிழமை வாங்க" என்றாள் மீட்டரக்கா. "காப்பாளர்ங்கற எடத்துல உங்க பேரையே எழுதி, உங்க கையெழுத்தையே போட்டு எடுத்துட்டு வாங்க. இத்தனை வருஷம் வேற யாரு நம்மளைக் காப்பாத்தினது?"

புதன்கிழமை காலை அவள் வெளியே கிளம்பி நிற்பதைப் பார்த்ததும் கொழுந்தனார் பதறினார்.

"இன்னைக்கு விடுதிக்காரங்க வர்றாங்க அண்ணி! நாப்பது ஜன்னல்! கவுண்டர்ல யாரு நிப்பா?"

"நீங்க நில்லுங்க. அளவுநாடா மேசை இழுப்புல இருக்கு."

அவருக்கு நாற்பது ஜன்னலும் கண்முன்னால் திறந்து மூடின. பிறகு ஒரு பேனாவை எடுத்தார். "சரி, கொடுங்க அந்த ஃபாரத்தை. கிறுக்கித் தொலைக்கறேன். எந்த நிபந்தனையும் இல்ல."

நாலு நாள் முன்னால் இதே கை இதே பேனாவை எடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். மீட்டரக்காவின் மணிக்கட்டு அன்று காலை தலை சீவும்போதுகூட வலித்தது. படிவம் பைக்குள்தான் இருந்தது. எடுத்து நீட்ட வேண்டியதுதான் பாக்கி.

"வேண்டாம் தம்பி. நான் மட்டும்னா வாங்கியிருப்பேன். இப்ப பன்னெண்டு பேரு. அத்தனை பேருக்குமா கொழுந்தனா இருப்பீங்க?"

ஆராய்ச்சிக் கூட்டம் ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியில் நடந்தது. கதவுக்கு வெளியே பன்னிரண்டு பெண்கள் வந்து நின்றபோது உள்ளே பெரிய டாக்டர் திரையில் வட்ட வரைபடம் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். "சமூகத் தயக்கம் காரணமா பெண்கள் முன்வர்றதில்ல…"

பணம் கொடுக்கும் இடத்திலிருந்து வந்த அம்மாள் நரைமுடியைக் கத்தரித்துவிட்டவர். அவர் சொன்னது கதவு வழியாகத் தெளிவாகக் கேட்டது. "நாலு பேரை வெச்சுக்கிட்டு பெண்களைப் பத்தி ஒரு வரிகூட எழுத முடியாது டாக்டர். மூணு மாசத்துல நாப்பது பெண்கள் சேரலைன்னா நாங்க இதைத் தொடர முடியாது."

மீட்டரக்கா கதவைத் தள்ளினாள்.

"அம்மா, உள்ள மீட்டிங் நடக்குது" என்றார் பெரிய டாக்டர்.

"எங்களைப் பத்தித்தானே சார் நடக்குது? ஆள் இல்லாம எப்படி நடத்துவீங்க?"

உள்ளே வந்ததும் தொழில்புத்தி அவள் கண்ணை ஜன்னலுக்குத்தான் இழுத்தது. திரைச்சீலைகள் நாலு விரற்கடை குட்டை. எவனோ அளக்காமல் வாங்கியிருக்கிறான். அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பன்னிரண்டு படிவங்களையும் மேசையில் வைத்தாள். "ஆர்வம் காட்ட வந்திருக்கோம். எண்ணிப் பாத்துக்கங்க."

நரைமுடி அம்மாள் கடைசிப் பக்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "காப்பாளரா? வயசு வந்தவங்களுக்கா? யார் போட்ட விதி இது?"

பெரிய டாக்டர் உதவி டாக்டரைப் பார்த்தார். உதவி டாக்டர் எழுத்தரைப் பார்த்தார். எழுத்தருக்குப் பார்க்க ஆள் இல்லை, சுவர்தான் இருந்தது.

"விதின்னு எதுவும் இல்லீங்க மேடம்" என்றார் எழுத்தர். "நேரம் இல்லைன்னு பழைய ஆராய்ச்சி ஃபாரம் ஒண்ணை எடுத்துத் திருத்தினோம். அது குழந்தைங்களோட தடுப்பூசி ஆராய்ச்சி. குழந்தைன்னு இருந்த எடத்துலயெல்லாம் நோயாளின்னு மாத்தினோம். இந்தக் காப்பாளர் வரி, ஆம்பளைங்ககிட்ட இதைக் கேட்டா சிரிப்பாங்களேன்னு, அவங்க ஃபாரத்துல எடுத்துட்டோம்."

"பெண்கள் ஃபாரத்துல?"

எழுத்தர் நேர்மையாக யோசித்துப் பார்த்தார். "எடுக்கணும்னு யாருக்கும் தோணல மேடம்."

அந்த அறையில் ஆஸ்பத்திரிக்காரர்கள் மட்டும் எட்டுப் பேர் இருந்தார்கள். ஆறு பேர் டாக்டர்கள். எட்டு மாதமாக அந்தத் தாளை எட்டுப் பேரும் பார்த்திருந்தார்கள்.

"அப்ப நாலு பக்கம் வேண்டாம், மூணு போதும்" என்றாள் மீட்டரக்கா. "கிழிச்சிடுங்க."

"அப்படி உடனே முடியாதும்மா" என்றார் பெரிய டாக்டர். "ஒரு எழுத்தை மாத்தினாலும் நெறிமுறைக் குழு கூடி அனுமதி தரணும். ஆறு மாசம் ஆகும்." அவர் முகம் திடீரென்று மலர்ந்தது. மேசையிலிருந்த படிவங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஒண்ணு செய்யலாம். நானே உங்களுக்கெல்லாம் காப்பாளரா கையெழுத்துப் போட்டுடறேன். பன்னெண்டு பேருக்கும். இன்னைக்கே ரத்தம் எடுத்துக்கலாம். சந்தோஷம்தானே?"

உண்மையாகவே மனமுவந்துதான் சொன்னார். சுற்றியிருந்தவர்களும் தலையாட்டினார்கள். சலவைக்காரம்மா மீட்டரக்காவின் முழங்கையைத் தொட்டாள்.

"போட்டுக்கலாமாக்கா? முட்டி ரொம்ப முடியலக்கா எனக்கு."

கேள்வி நியாயமானது. ஆறு மாதம் என்பது அவர்களில் யாருக்கும் சும்மா கிடைத்தது அல்ல. ஒவ்வொரு மாதமும் மாத்திரை மாத்திரையாக விழுங்கி வாங்கியது. மீட்டரக்கா அவள் முட்டியைப் பார்த்தாள். தன் மணிக்கட்டைப் பார்த்தாள். பிறகு பெரிய டாக்டரின் கைக்கு அடியிலிருந்து படிவங்களை ஒவ்வொன்றாக உருவி எடுத்தாள்.

"ரொம்ப நன்றி சார். புருஷன் போய், கொழுந்தன் போய், இப்ப நீங்களா? ஆளை மாத்தச் சொல்லி நாங்க வரல. அந்த வரியை எடுக்கச் சொல்லி வந்தோம்."

"அம்மா, உங்க நல்லதுக்குத்தான்…"

"தெரியும் சார். எங்க வீட்லயும் இதையேதான் சொல்றாங்க." படிவங்களை மேசையில் தட்டி ஓரம் சேர்த்தாள். "கீழ பெஞ்சில இன்னும் முப்பது பேர் இருக்காங்க. இந்தம்மா கேட்ட நாப்பது அதுலயே சரியாப் போயிடும். மூணு பக்க ஃபாரம் வந்தா எல்லாரும் வர்றோம். வரலைன்னா உங்க நாலு பேரை வெச்சு நீங்க ஆராய்ச்சி பண்ணுங்க. எலும்பு எங்களுது, தாங்கற வரைக்கும் தாங்கிக்கறோம். வாங்கம்மா போகலாம்."

நரைமுடி அம்மாள் பெரிய டாக்டரைப் பார்த்தார். அதுவே போதுமானதாக இருந்தது.

பன்னிரண்டு பேரும் வெளியே வந்தார்கள். தாழ்வாரம் நீளமானது. மீட்டரக்கா அவசரப்படாமல் நடந்தாள். சலவைக்காரம்மாவைத் தோளோடு பிடித்துக்கொண்டதால் இன்னும் மெதுவாக. படிக்கட்டுக்கு வந்தபோது பின்னால் நாற்காலி ஒன்று தரையில் உரசுவது கேட்டது. கதவு திறந்தது. பூட்ஸ் காலடிகள் நடையாக ஆரம்பித்து ஓட்டமாயின.

"அம்மா! ஒரு நிமிஷம்! கொஞ்சம் நில்லுங்கம்மா!"

கண்டக்டர் பெண் பாதிப் படியில் நின்றுவிட்டாள். "அக்கா, கூப்பிடறாங்க."

"காது கேக்குது. திரும்பாதே" என்றாள் மீட்டரக்கா, முகத்தில் ஒரு சுருக்கம்கூட மாறாமல். "இன்னும் நாலு படி இறங்கு. இங்கயே நின்னா பாதிதான் கொடுப்பாங்க."